எச்சில் வழியே வருவது

மாட்டுப் பண்ணையை ஒட்டியிருந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் லேப்பம்மா. தினமும் காலையில், மாடுகளுக்குத் தீனி வைப்பதற்கு முன் கொட்டகைக்குப் போவாள். அங்கே ஒரு பசுவின் விலாவில், ஆராய்ச்சிக்காக டாக்டர்கள் போட்டு ஆறிப்போன ஒரு துளை உண்டு. அதற்கு ரப்பர் மூடி. பசுவுக்கு ஜன்னல்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்து, உறை மாட்டிய கையை முழங்கை வரை உள்ளே விட்டு, பாதி மென்ற புல்லை அள்ளிச் சாற்றைப் பிளாஸ்கில் பிழிவாள். பிறகு ஓட்டமும் நடையுமாகத் திரும்புவாள். ஆறவிட்டால் உள்ளே இருக்கும் உயிர்கள் செத்துவிடும்.

"அப்படி என்ன தலை போற அவசரம்? பிளாஸ்குல புள்ளையா இருக்கு?" என்று பால் கறப்பவர் கிண்டல் செய்வார்.

"ஒண்ணா ரெண்டா? ஒரு சொட்டுல ஒரு ஊரே இருக்கு."

மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது உண்மைதான். புரோட்டோசோவா என்ற ஒற்றைச் செல் உயிர்கள், உடம்பெல்லாம் மயிரிழைகள் துடிக்க, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அலையும். மாவுத் துணுக்கைக் கண்டால் அப்படியே விழுங்கி, மெதுவாகச் செரிக்கும். அதனால் மாட்டின் வயிறு ஒரேயடியாகப் புளித்துப்போகாது. புல்லின் நாரை உடைக்கவும் அவை கைகொடுக்கும்.

அவளுக்கு ஒரு மகள் உண்டு. குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் கணவர் விபத்தில் போய்விட்டார். பிள்ளையில்லாத அக்கா வேறு ஊரிலிருந்து வந்தாள். "நீ வேலையில நிலைச்சு நில்லு. அதுவரைக்கும் இவள நான் பாத்துக்கறேன்" என்று தூக்கிக்கொண்டு போனாள். நல்ல மனசோடுதான் போனாள். வேலை நிலைத்து இவள் கூட்டிவரப் போனபோது, குழந்தை அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு, "அம்மா, சித்திய போகச் சொல்லும்மா" என்று அழுதது. அக்காவும் அழுதாள். இவள் வெறுங்கையோடு பஸ் ஏறினாள். பெற்றவள் யார் என்பதை விவரம் தெரிகிற வயசில் சொல்லிக்கொள்ளலாம் என்று பேச்சு. அந்த வயசு வரவேயில்லை.

ஒரு வருஷம் டாக்டர் புது ஆராய்ச்சி தொடங்கினார். புரோட்டோசோவா இல்லாமல் கன்று எப்படி வளரும் என்று பார்க்க வேண்டும். அதற்காக, பிறந்ததுமே ஒரு கன்றைத் தாய் நக்குவதற்குள் தூக்கித் தனிக் கொட்டகையில் விட்டார்கள். லேப்பம்மாதான் செருப்பு மாற்றி, கை கழுவி, புட்டியில் பால் கொடுத்தாள். தாய்ப்பசு முற்றத்துக்கு அந்தப் பக்கம் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியது. கன்று செத்துவிடவில்லை. தின்றது, வளர்ந்தது. வயிறு மட்டும் உப்பி, மயிர் சொரசொரவென்று இருந்தது. வயிற்றுச் சாற்றை எடுத்துப் பார்த்தால் பாக்டீரியா இருந்தது, மற்றபடி வெறிச்சோடிக் கிடந்தது.

அந்த வருஷ லீவுக்கு மகள் வந்தாள். பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற வயசு. சித்தி வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளே கேட்டிருந்தாள். ஜன்னல்காரியின் சாற்றை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "ஐயோ, என்ன கூட்டம்!" என்றாள். கன்றின் சாற்றையும் பார்த்தாள்.

"இதுல ஏன் ஒண்ணுமே இல்ல?"

"பிறக்கும்போது எதுக்கும் இருக்காது. பெரிய மாடு நக்கணும், அதோட எச்சில் வாய்ல படணும். அப்படித்தான் வரும்."

"அம்மா நக்கினாத்தானா?"

லேப்பம்மா கண்ணாடித் தகட்டைத் துடைத்தாள். "அப்படியில்ல. எந்த மாடு நக்கினாலும் வரும்."

மகள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, "எனக்குத் தெரியும் சித்தி" என்றாள். "அப்பா சொல்லிட்டாரு. ரொம்ப நாளாச்சு." அக்காவின் கணவரைத்தான் அவள் அப்பா என்பாள்.

லேப்பம்மா தகட்டைக் கீழே வைத்தாள். எத்தனையோ முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்செல்லாம் காணாமல் போய்விட்டது. "கோவமா?" என்று மட்டும் கேட்டாள்.

"முதல்ல இருந்துச்சு. இப்ப இல்ல. ஆனா கூப்பிட்டுப் பழகினத மாத்த வரல."

"மாத்த வேணாம்" என்று அவசரமாகச் சொன்னாள். சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று இருந்தது.

ஆராய்ச்சி முடிந்ததும் கன்றை மந்தையில் விட்டார்கள். அதன் தாய் அதற்குள் அடுத்த சினையாகியிருந்தது, ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு கிழட்டுப் பசுதான் அதன் முகத்தை விடாமல் நக்கியது. சில வாரங்களில் கன்றின் சாற்றிலும் கூட்டம் சேர்ந்தது, மயிரும் பளபளத்தது. லேப்பம்மா போனில் சொன்னபோது மகள் சந்தோஷப்பட்டாள்.

அடுத்த வருஷம் மகளுக்கு இந்த ஊர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. "ஹாஸ்டல் எதுக்கு? உன்கிட்டயே இருக்கட்டும்" என்று அக்காதான் சொன்னாள். பெட்டியோடு வந்து விட்டுவிட்டு, வாசலில் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லப் பார்த்தாள். "அவளுக்குத் தலைவலி அடிக்கடி வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டில் இரண்டு அறை. ஒரே சீப்பு, ஒரே கண்ணாடி, குளிக்கப் போவதில் தினமும் சண்டை. லேப்பம்மாவுக்கு அந்தச் சண்டை அவ்வளவு பிடித்திருந்தது. "சித்தி, என் துண்டு எங்க? சித்தி, கதவத் திறங்க!" என்று வீடு முழுக்க அந்தக் குரல்.

சாயங்காலம் மகள் பால்கனியில் நின்று ஊருக்குப் போன் பேசுவாள். "அம்மா... ஆமாம்மா, சாப்பிட்டேன்மா... என்னம்மா நீ!" சமையலறை ஜன்னல் பக்கத்திலேயே இருந்தது. லேப்பம்மா அடுப்பைத் தணித்து, குழாயை மூடி, கரண்டி பாத்திரத்தில் பட்டுவிடாமல் பிடித்துக்கொண்டு நிற்பாள்.