பதினோரு கன்றும் ஒரு கண்ணும்

ரெம்பாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நீலாவதி பதினேழு வருடம் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடித்தவள். தோட்டத்தில் அதை விஷம் என்று யாரும் சொல்வதில்லை. மருந்து என்றே சொல்வார்கள்.

போன வருடம் அவளுக்குக் கொடுத்த பம்பில் குழாய் மூட்டு தளர்ந்து, மருந்து வழிந்து ரவிக்கை நனைந்தது. வேலை வாங்கும் மண்டோர் வீரமுத்துவிடம் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் "நாளைக்குப் பாக்கலாம்லா" என்றார். நான்காம் நாள் காலை மூட்டு தெறித்து, மருந்து நேராக வலது கண்ணில் பாய்ந்தது. பாதுகாப்புக் கண்ணாடி தரப்பட்டிருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தாள். அந்தக் கண்ணில் பார்வை திரும்பவில்லை.

ஆறு மாதம் கழித்து ஆபீஸிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார்கள். நீலாவதி அதை ராசா என்ற ஊருக்கு எடுத்துப் போனாள். கணவன் குணாளனின் தங்கை ரோகினி அங்கே பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறாள்.

ரோகினி அதை இரண்டு தடவை படித்தாள்.

"என்ன எழுதியிருக்கான்?"

"ஏதாவது ஹார்ம் ஏற்பட்டிருந்தா வருந்துறாங்களாம் அண்ணி. ஹார்ம்னா கெடுதல்."

"இருந்தாவா? என் மூஞ்சியப் பாத்தா தெரியலயா? சரி, யாரு செஞ்சான்னு போட்டிருக்கா?"

"இல்ல. அது தானா வந்த மாதிரி எழுதியிருக்கு. இங்கிலீஷ்ல இப்படி எழுதலாம். மழை வந்துச்சுன்னு சொல்ற மாதிரி, கெடுதல் வந்துச்சுன்னு. செஞ்சவன் பேரே வேணாம்."

தோட்டத்துக் காகிதங்களை எல்லாம் நீலாவதி ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ரோகினி அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். இரண்டு வருடத்துக்கு முந்தைய எச்சரிக்கைக் கடிதம் ஒன்றில் அவள் விரல் நின்றது. அன்று காற்று திரும்பி, மருந்து செம்பனை இளங்கன்றுகள் மேல் பட்டு அவை கருகிய விவகாரம் அது.

"இதிலயும் அதே ஹார்ம்தான் அண்ணி. ஆனா இங்க 'யூ'ன்னு ஆரம்பிக்குது. நீ பதினோரு கன்றுக்குக் கெடுதல் செஞ்சேன்னு. உங்க பேர், தேதி, எத்தனையாவது பீல்டு, எல்லாம் இருக்கு."

நீலாவதி இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு எழுத்தும் அவளுக்குத் தெரியாது. ஆனால் ரோகினி தொட்டுக் காட்டிய இரண்டு இடமும் ஒரே மாதிரி இருப்பது தெரிந்தது.

மறுநாள் இருவரும் ஆபீஸுக்குப் போனார்கள். மேனேஜர் சுகுமாறன் தமிழர்தான். உட்காரச் சொன்னார். நீலாவதி உட்காரவில்லை.

"கன்னு கருகினா நான் செஞ்சது. என் கண்ணு போனா யாரும் செய்யல. அப்படித்தானே சார்?"

"அதும்மா, லெட்டர்னா அப்படித்தான் எழுதுவாங்க. சும்மா ஒரு வார்த்தை."

"சும்மா வார்த்தைன்னா மாத்திக் குடுங்க. தோட்டம் ஓட்டப் பம்பக் குடுத்துச்சு, நீலாவதி கண்ணு போச்சுன்னு எழுதுங்க."

"அப்படியெல்லாம் எழுத முடியாது."

"ஏன் முடியாது? என்னப் பத்தி மட்டும் எழுதத் தெரிஞ்சுச்சே உங்களுக்கு."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தத் திரும்பலைப் பார்த்ததும் அவள் கடிதத்தை அவர் மேசையில் கையெழுத்தில்லாமல் போட்டுவிட்டு வெளியே வந்தாள். படியில் நின்று, "கையெழுத்தா கேக்குறீங்க, நாசமாப் போறவனுங்களா" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

லேபர் ஆபீஸுக்கு அவள் சொல்லச் சொல்ல ரோகினி ஆங்கிலத்தில் புகார் எழுதினாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீலாவதி கேட்டாள்: "யாருன்னு போட்டியா?" மேனேஜர் பெயர் இருந்தது. மூன்று தடவை சொன்ன மூன்று தேதியும், மண்டோர் வீரமுத்து பெயரும் இருந்தன.

அடுத்த வாரம் நீலாவதி வீட்டு வாசலில் வீரமுத்து வந்து நின்றார்.

"என் பேர மட்டும் எடுத்துருலா தங்கச்சி. ரிட்டயர் ஆகப்போறேன்."

"நான் யாருகிட்டண்ணே சொன்னேன்?"

"எங்கிட்டத்தான்."

"அப்ப எப்படி எடுக்க?"

"நானும் மேல சொன்னேன். புது பம்பு கேட்டு ரெண்டு தடவ வாட்ஸாப்ல அனுப்பினேன். மேனேஜர் பதிலே போடல."

நீலாவதி அவரை ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்தாள். இத்தனை மாதம் இதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். அறைய வேண்டும்போல் இருந்தது.

"அதக் காட்டுங்க."

வீரமுத்து தெருவை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து நீட்டினார். இரண்டு செய்தியும் தேதியோடு அப்படியே கிடந்தன. புகாரோடு அவையும் சேர்ந்தன. அவர் பெயரையும் அவள் எடுக்கவில்லை.

விசாரணை இன்னும் முடியவில்லை. தோட்டத்தில் பம்புகள் எல்லாம் மாறிவிட்டன, கண்ணாடியும் கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி இன்னொரு கடிதம் அனுப்பியது. அதில் பம்புதான் கெடுதல் செய்தது என்று எழுதியிருந்தார்கள். நீலாவதி அதையும் திருப்பி அனுப்பிவிட்டாள். அந்தப் பம்பைத் தன் முதுகில் ஏற்றியது யார் என்று கேட்டு எழுதச் சொன்னாள். ரோகினி அதையும் எழுதினாள்.