நூற்று இருபது நாள்

விமானிகள் வட்டத்தில் அவருக்குத் தராசு என்று பெயர். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வேலைக்கு ஒப்பந்தம் அனுப்பினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் தராசுக்கு ஒருமுறை அனுப்பிப் பார்ப்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. சம்பளத் தொகையை அவர் கடைசியில்தான் பார்ப்பார். மாதத்துக்கு எத்தனை மணி நேரம் பறந்தால் அந்தச் சம்பளம், வீட்டு வாடகை யார் தலையில், ஊருக்கு வந்துபோக உறுதியான டிக்கெட்டா இல்லை இடம் இருந்தால் ஏற்றிக்கொள்ளும் டிக்கெட்டா, பாதியில் விலகினால் பயிற்சிச் செலவு யாருடையது, வரி எந்த நாட்டுக்கு, பணி அட்டவணையான ரோஸ்டரில் ஓய்வு நாள் என்று போட்டுவிட்டு அன்றைக்கே கூப்பிடுவார்களா என்று எல்லாவற்றையும் எக்செல் தாளில் கட்டம் கட்டமாகப் போடுவார். பிறகு ஒரே வரியில் பதில் வரும். "பெரிய தொகையைக் காட்டி லீவுல கை வைக்கிறான், வேண்டாம்." இதற்கு அவர் யாரிடமும் ஒரு காபிகூட வாங்கிக் குடித்ததில்லை.

வீட்டிலும் அதே கதைதான். ஃப்ரிட்ஜ் வாங்க ஐந்து கம்பெனிகளை ஒப்பிட்டுத் தாள் போட்டார். அவர் போட்டு முடிப்பதற்குள் வெயில் காலமே முடிந்துவிட்டது என்று எதிர்வீட்டு டீச்சரிடம் சொல்லிச் சிரிப்பாள் மனைவி.

அவர் பறந்துகொண்டிருந்த உள்ளூர் நிறுவனம் ஒரே வாரத்தில் இழுத்து மூடப்பட்டபோது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. மகள் ஏழாம் வகுப்பு. நான்கு ஒப்பந்தங்களை நிறுத்துப் பார்த்து ஒன்றை எடுத்தார். இருபது நாள் வேலை, பத்து நாள் வீடு. அந்த நாட்டில் வருமான வரி கிடையாது. சொந்த நாட்டிலும் கிடையாது, ஆனால் ஒரு நிபந்தனை. ஒரு வரி ஆண்டில் நூற்று இருபது நாளுக்கு மேல் இங்கே தங்கக் கூடாது. நூற்று இருபத்தோராவது நாள் விடிந்தால் அந்த வருடத்துச் சம்பளம் முழுவதற்கும் வரி. அதனால் தாளில் இன்னொரு கட்டம் சேர்ந்தது: ஊரில் இருந்த நாட்கள். சில மாதங்களில் ஓய்வு நாட்களை அங்கேயே கழித்தார். மகளின் பள்ளி விழாக்கள் அந்தக் கட்டத்துக்குள் அடங்கினால் வந்தார், அடங்காவிட்டால் போனில் பார்த்தார். யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோஸ்டர் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் எதிர்ப்பேச்சு கிடையாது.

ஐந்து வருடம் இப்படியே ஓடியது. போன வரி ஆண்டு முடிய மூன்று வாரம் இருக்கும்போது மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி அவரை வரச் சொல்லவில்லை, தேதியை மட்டும் சொன்னாள். அவர் உடனே ஐந்து நாள் லீவ் கேட்டார். ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டார்.

வழியில் வேறொரு நாட்டில் விமானம் மாற வேண்டும். அங்கே நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. கை சும்மா இருக்காமல் தாளைத் திறந்தார். அந்த வருடம் பதினொரு முறை ஊருக்கு வந்திருந்தார். கூட்டினால் நூற்றுப் பதினெட்டு. இன்னும் ஐந்து என்றால் நூற்று இருபத்து மூன்று. மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள். வரியாகப் போகும் தொகை அந்தப் படிப்பு முழுவதற்குமே போதும். மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் அதே எண். பாக்கி இருந்த இரண்டு நாளுக்கு மட்டும் போனால், படுக்கையில் இருப்பவளை விட்டுவிட்டு உடனே திரும்பக் காரணம் சொல்ல வேண்டும். ஊருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம்தான் பாக்கி. அங்கிருந்தபடியே மனைவிக்குப் போன் செய்து, ரோஸ்டரை மாற்றிவிட்டார்கள், லீவ் கேன்சல் ஆகிவிட்டது என்றார். "சரிங்க, பார்த்துக்கறேன். நீங்க அதையே நினைச்சுட்டு பறக்காதீங்க" என்றாள் அவள்.

அந்த விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில் ஐந்து நாள் இருந்தார். ஜன்னலில் ஓடுபாதை தெரிந்தது. ஊருக்குப் போகும் விமானம் தினமும் ஒருமுறை அவர் கண் முன்னால் எழும்பிப் போனது.

ஆஸ்பத்திரியில் கூட இருந்தது எதிர்வீட்டு டீச்சர். பிறகு ஊருக்கு வந்தபோது இன்ஷூரன்ஸுக்காக அந்தக் காகிதங்களை ஸ்கேன் செய்தது தராசு. அறுவைக்குச் சம்மதம் தெரிவிக்கும் படிவத்தில் டீச்சரின் கையெழுத்து இருந்தது. உறவுமுறை என்ற இடத்தில், வகுப்பில் கரும்பலகையில் எழுதுவதைப் போலத் திருத்தமாக, 'எதிர்வீடு' என்று எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் மற்றதை ஸ்கேன் செய்ய முடிந்தது. மனைவி பார்க்க வந்தவர்களிடமெல்லாம், பாவம் அவர் என்ன செய்வார், கம்பெனி அப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டீச்சர் இன்னும் ஒரு படி மேலே போய், மனுஷத்தன்மையே இல்லாத கம்பெனி என்று அவர் எதிரிலேயே திட்டினார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

நான்கு மாதம் கழித்து, அவருடைய வரிக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் அம்மா போனில் கூப்பிட்டார். அவருடைய தாளையும் பாஸ்போர்ட் முத்திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். "கேப்டன், நீங்க ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூடுதலா எண்ணியிருக்கீங்க. மொத்தம் நூத்தி ஏழுதான். இன்னும் பதிமூணு நாள் தாராளமா இருந்திருக்கலாம்" என்றார், நல்ல செய்தி சொல்லும் குரலில்.

எப்படி என்று அவருக்கு உடனே புரிந்தது. விமானிகளின் ரோஸ்டரில் எந்த ஊர் நேரமும் இருக்காது. உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு நேரம், அதில்தான் எல்லாம் இருக்கும். இருபத்தைந்து வருடமாக அவர் கைக்கடிகாரமும் அதில்தான் ஓடுகிறது. அவர் வழக்கமாக ஏறும் விமானம் ஊரில் விடியற்காலை இரண்டு மணிக்கு இறங்கும். ரோஸ்டர் நேரப்படி அப்போது முந்தைய தேதிதான். அந்தத் தேதியையே வந்த நாளாகப் போட்டிருக்கிறார். பதினொரு முறை, பதினொரு நாள். ஊரார் ஒப்பந்தங்களில் காற்புள்ளியைக்கூட விடாதவர், தன் வீட்டு வாசலில் கால் வைத்த தேதியைத் தப்பாக எழுதியிருக்கிறார். ஆடிட்டர் அம்மாவிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தார். வீட்டில் மூச்சு விடவில்லை.

அதற்குப் பிறகு ஒரு விடுமுறைக் காலையில் மனைவியின் தம்பி லேப்டாப்போடு வந்தான். அவனும் விமானிதான், உள்ளூரில் பறப்பவன், இரண்டு சின்னக் குழந்தைகள். அவன் கையில் இரண்டு ஒப்பந்தங்கள் இருந்தன. ஒன்று பக்கத்து நாட்டில். தினமும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு மூன்று நாள் வீட்டில் படுக்கலாம், சம்பளம் சுமார். இன்னொன்று அத்தான் வேலை பார்க்கும் நிறுவனத்திலேயே. சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மறு முனையில் இவர்கள் இருவரும் சம்பளம், வரி, டிக்கெட் என்று கட்டங்களை நிரப்பிக்கொண்டு வந்தார்கள்.

"சம்பளத்தை விடுடா. லீவைப் பாரு முதல்ல" என்றாள் மனைவி. "எனக்கு ஆபரேஷன் அப்போ குடுத்த லீவைப் பிடுங்கினாங்களே, அது எந்த ஷரத்துன்னு கண்டுபிடி. ஊருக்கெல்லாம் படிச்சுச் சொல்றவர், தன்னோடதுல அதைக் கோட்டை விட்டுட்டார்."

தம்பி சிரித்துக்கொண்டே திரையை உருட்டினான். கொஞ்ச நேரம் படித்தான். பிறகு அவன் சிரிப்பு நின்றது.

"இல்லையே அக்கா. இதுல தலைகீழால்ல இருக்கு. ஒருதடவை குடுத்த லீவை, விமானி எழுதிக் குடுத்தா மட்டும்தான் ரத்து பண்ணலாம்னு போட்டிருக்கான்." அத்தானின் முகத்தைப் பார்த்தான். பார்த்ததும் அவசரமாகச் சொன்னான்: "இப்பப் புதுசா சேர்த்திருப்பாங்க. இல்லையா அத்தான்?"

ஆமாம் என்று ஒரு சொல் போதும். தம்பி அதைத் தட்டில் வைத்து நீட்டிவிட்டான். மனைவி கத்தியைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. கம்பெனி இப்போதாவது திருந்தியதா என்று தெரிந்துகொள்ளும் ஆவல்தான் இருந்தது.

"புதுசு இல்ல. அப்பவும் இதேதான்" என்றார். "லீவ் கேன்சல் ஆகல."

தம்பி யாருக்கோ போன் பண்ண வேண்டும் என்று முனகிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். நூற்றுப் பதினெட்டு, வரி, மகளின் படிப்பு, ஜன்னலில் தெரிந்த ஓடுபாதை வரைக்கும். மனைவி நறுக்குவதை நிறுத்தியிருந்தாள்.

"மயக்கம் தெளிஞ்சதும் உங்களுக்குத்தான் முதல்ல போன் பண்ணச் சொன்னேன்" என்றாள் கடைசியில். "பின்னால டிவி சத்தம் கேட்டுது. ஃப்ளைட்டுக்கு முன்னாடி க்ரூ ரூம்ல இருக்கேன்னீங்க."

"ஹோட்டல் ரூம்."

"ம்."

பாதியில் நிறுத்தினால் அது இன்னொரு பொய்யாகிவிடும் என்று தோன்றியது. அதையும் சொன்னார். "வந்திருக்கலாம். பதிமூணு நாள் பாக்கி இருந்துச்சு. நான்தான் தப்பா எண்ணிட்டேன். அது தெரிஞ்சதிலிருந்து எனக்குத் தலை நிமிர முடியல."

மனைவி அவரை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள்.

"தப்பா எண்ணினதுக்கா வெட்கப்படறீங்க?"

ஆடிட்டர் அம்மா கூப்பிட்டதிலிருந்து மனதுக்குள் குமைந்தது எதற்காக என்று அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. எண் சரியாகவே இருந்திருந்தால் என்று இப்போது யோசித்தார். நூற்றுப் பதினெட்டு சரிதான் என்று ஆடிட்டர் அம்மா சொல்லியிருந்தால், இன்றைக்கு ஆமாம் புதுசுதான் என்று தம்பிக்குப் பதில் சொல்லிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். அது தெரிந்தபோது காது மடல் வரைக்கும் சுட்டது.

மனைவி பீன்ஸைப் பாத்திரத்தில் வழித்துப் போட்டாள்.

"டீச்சர் இன்னிக்குக் காலையிலகூட உங்க கம்பெனியைத் திட்டினாங்க. நானும் கூடச் சேர்ந்து திட்டினேன். அவங்ககிட்ட இதைப் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது" என்றாள். "நீங்களே போங்க."

"இப்பவா?"

"அதுக்கும் ஒரு தாள் போடணுமா?"

அவர் எழுந்தார். நடுவில் இருந்தது பத்தடித் தெரு. எதிர்வீட்டுக் கதவின் மணியை அழுத்திவிட்டு, தேய்த்து மடித்த வேட்டியைப் போல விறைப்பாக நின்றார். டீச்சர் கையில் சிவப்புப் பேனாவோடு கதவைத் திறந்தார். பின்னால் மேஜையில் விடைத்தாள் கட்டு தெரிந்தது. அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க கேப்டன், வாங்க. இந்தத் தடவையாவது ஒழுங்கா லீவ் குடுத்தாங்களா உங்க ஆளுங்க?"

"குடுத்தாங்க டீச்சர்" என்றார் அவர், படியில் நின்றபடியே. "அப்பவும் குடுத்தாங்க."