கஞ்சிக் கிடாரமும் கனவான்களும்

போன ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு கதிரையில் உட்கார்ந்தேன். அதற்காகத் திருகோணமலை முழுக்க என்னைப் பற்றித்தான் கதை.

கதிரையில் உட்காருவது ஒரு குற்றமா? சாதாரணக் கதிரை என்றால் இல்லை. ஆனால் இது எங்கள் ஊர்ச் சேவைச் சங்கத்தின் மண்டபத்துக் கதிரை. சட்டம் படித்தவர்கள், பெரிய உத்தியோகத்தர்கள், கப்பலுக்குச் சாமான் கொடுக்கும் வியாபாரிகள்... இப்படிப்பட்ட கனவான்கள் மட்டுமே அதில் உட்காரலாம்.

பெண்களுக்கு அந்தச் சங்கத்தில் இடமே இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது. குசினியில்!

மாதம் ஒரு கூட்டம். அங்கத்தவர்களின் மனைவிமாராகிய நாங்கள் பின்வாசலால் போவோம். வடை சுடுவோம், தேநீர் ஊற்றுவோம். முன்னால் 'ஏழைகளுக்கு உதவுவது எப்படி' என்று சொற்பொழிவு நடக்கும். கைதட்டல் கேட்டால் தட்டுகளை அனுப்ப வேண்டும் என்று அர்த்தம். பிறகு அவர்கள் பில்லியட் விளையாடுவார்கள். நாங்கள் கோப்பை கழுவுவோம்.

இப்படியே போயிருக்கும். யுத்தம் குறுக்கே வந்தது.

சித்திரை வருஷப் பிறப்புக்கு மா இடித்துக்கொண்டிருந்த நாட்கள். காலையில் சைரன் ஊதியது. கொஞ்ச நேரத்தில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட, துறைமுகப் பக்கம் வானம் கறுத்துப் போயிற்று. எங்கள் வீட்டு ஓடுகள் தாமாகவே கழன்று விழுந்தன. புகை அடங்கு முன்னமே ஊர் கிளம்பிவிட்டது. வண்டி, கார், சைக்கிள், கால்நடை... கண்டி வீதி நிறையச் சனம்.

சங்கத்துக் கனவான்களும் போனார்கள். அதில் பிழை சொல்ல மாட்டேன். குண்டு விழுந்தால் யார்தான் ஓட மாட்டார்கள்? எங்கள் பெண்பிள்ளைகள் இரண்டு பேரையும் நாங்கள் முன்னமே யாழ்ப்பாணத்துக்கு என் அண்ணாவிடம் அனுப்பியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கர்; கணக்கு எழுதித் தருவார் என்று சங்கத்திலும் சேர்த்திருந்தார்கள். அவருக்குப் போக அனுமதி இல்லை. அவரை விட்டுப் போக எனக்கு மனமில்லை. அவ்வளவுதான், வீரம் ஒன்றுமில்லை.

மண்டபத்துக் காவற்காரர் பூட்டின் திறப்பை எங்கள் வேலிக்கு மேலால் எறிந்துவிட்டு, ஓடிக்கொண்டிருந்த வண்டி ஒன்றில் தொற்றிக்கொண்டார். அப்படித்தான் அந்தக் கதவு என் கைக்கு வந்தது.

அன்று மத்தியானத்துக்கு முன் ஒரு கைவண்டி என் படலை வாசலில் நின்றது. அதைத் தள்ளி வந்தவள் பூமணி. சல்லிக் கிராமத்திலிருந்து ஓலைக் கடகத்தில் மீன் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பவள். வண்டியில் மீன் இல்லை. துறைமுகக் கூலியாள் ஒருவர் கிடந்தார். தொடையில் பூமணியின் சேலைத் துண்டு சுற்றியிருந்தது. அது முழுக்கச் சிவப்பு.

"அக்கா, மண்டபத்தைத் திறவுங்கோ. இந்த மனிசன் வெய்யிலிலை கிடந்து செத்துப்போகும்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது சங்கத்து மண்டபம், பூமணி. கேட்டுத்தான்..."

"ஆரிட்டைக் கேக்கப் போறியள்? எல்லாரும் தம்பலகாமத்து றோட்டிலை நிக்கினம்!"

திறந்தேன்.

படுக்க வைக்க உள்ளே கட்டிலா இருக்கிறது? பில்லியட் மேசைதான் இருந்தது. அதில் கிடத்தினோம். பின்னேரம் ஒரு லொறி வந்து அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிற்று. பிழைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் ஆட்கள் தாமாகவே வந்தார்கள். குடிசை எரிந்தவர்கள். ஓட முடியாத கிழங்கள். கரையோரத்தைப் படைக்கு எடுத்ததால் வீடு இழந்தவர்கள். கடைகள் பூட்டியிருந்தன. பசி மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. நானும் பூமணியும் சங்கத்துக் குசினியில் அடுப்பு மூட்டினோம். முதல் நாள் என் வீட்டு அரிசி. பிறகு?

பிறகு மூதூரிலிருந்து காசிம் நானா வந்தார். தோணிக்காரர். மற்றத் தோணிகள் குடாவைத் தாண்டப் பயந்து கிடந்த நாட்களில், அவர் அரிசியும் மரவள்ளிக் கிழங்கும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். பயமில்லையா என்று கேட்டேன்.

"குண்டு போடுறவன் என்ட கிழங்கயா தேடி வாறான், தங்கச்சி?" என்றார்.

அரிசி தட்டுப்பாடு வந்தபோது குரக்கன் மா கலந்தோம். முருங்கையிலை போட்டோம். தேங்காய்ப்பால் கிடைத்த நாட்களில் கஞ்சி ருசித்தது. கிடைக்காத நாட்களில் சூடாகவாவது இருந்தது. மாதக் கணக்கில் ஒரு மத்தியானமும் தவறவில்லை.

ஊர் மெல்லத் திரும்பியது. கனவான்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வீட்டுச் சமையற்காரர் இன்னும் வந்து சேராத ஓரிருவர், பின்வாசலால் வந்து எங்கள் கஞ்சியைக் குடித்துவிட்டும் போனார்கள். நாங்கள் பெயர் சொல்ல மாட்டோம்... கஞ்சிக்கு அந்த நாகரிகம் உண்டு.

கடைசியாகத் தலைவர் வந்தார். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். பில்லியட் மேசையின் பச்சைத் துணியில் விரலை வைத்தார்.

"இது என்ன கறை?"

"ரத்தம்."

"கழுவேல்லையா?"

"கழுவினோம். போகேல்லை."

அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். கடற்படை அதிகாரிகளுக்கு மாலை நேரங்களில் பொழுதுபோக மண்டபம் தேவைப்படுகிறதாம். அவர்களை உபசரிப்பதும் ஒரு சேவைதானாம். ஆகவே ஞாயிற்றுக்கிழமையோடு அடுப்பை அணைக்க வேண்டும்.

"அண்டைக்கே உங்களுக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் வைக்கிறம், அம்மா. பூமாலை எல்லாம் சொல்லியிருக்கு."

"சிற்றுண்டி?"

"அது... வழக்கம்போல நீங்கள்தானே?"

இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா? இரண்டும் செய்யாமல் வீட்டுக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்தார். ஏனென்றால் சங்கத்தின் தலைவர்தான் அவருடைய கந்தோரிலும் மேலதிகாரி.

"நீர் பேசாமல் திறப்பைக் குடுத்திட்டு வாரும். என்னை எங்கையாவது தூக்கிப் போட்டிடுவார்."

"நாளைக்கு இந்தச் சனம் எங்கை போய்ச் சாப்பிடும்?"

"அது எனக்கு விளங்குது. அதுக்கு நீர் என்ன செய்யப்போறீர்?"

"முன்வாசலாலை போய்க் கதிரையிலை இருக்கப்போறன்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாயில் வைக்கவில்லை.

ஞாயிறு காலை. குசினியில் கஞ்சி கொதிக்கிறது. வெளியே தட்டும் சிரட்டையுமாக ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நானும் பூமணியும் முன்வாசலால் மண்டபத்துக்குள் நுழைந்து முன்வரிசையில் உட்கார்ந்தோம். பேச்சு நின்றது. யாரோ இருமினார்கள். எனக்குக் கால் நடுங்கியது, மறைப்பானேன்? ஆனால் உட்கார்ந்தால் கால் நடுங்குவது வெளியே தெரியாது... கதிரைக்கு இப்படியும் ஒரு பயன் இருக்கிறது.

மாலையோடு தலைவர் வந்தார். நான் எழுந்தேன்.

"மாலை வேண்டாம், ஐயா. ரெண்டு விஷயம் கேக்க வந்தனான். அடுப்பை அணைக்காதேங்கோ. இவ்வளவு நாளும் இஞ்சை வேலை செய்தவையைச் சங்கத்திலை சேத்துக்கொள்ளுங்கோ. என்னை, பூமணியை, காசிம் நானாவை."

"பெண்கள் அங்கத்தவராக ஏலாது. அது சட்டம்," என்றார் தலைவர். பிறகு பூமணியைப் பார்த்தார். "அதுவும்... மீன் விக்கிற ஆட்களை எல்லாம்..."

பூமணி எழுந்தாள்.

"ஓம் ஐயா, மீன் விக்கிறவள்தான். நான் கொண்டுவாற மீன் உங்கடை சோத்துக் கோப்பையிலை கிடக்கேக்கை மணக்கேல்லையோ?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்கள். தலைவரின் முகம் சிவந்தது. வாக்கெடுப்பு என்றார். அடுப்பை அணைக்க வேண்டும் என்பவர்கள் கை உயர்த்துங்கள்... மண்டபம் நிறையக் கைகள். தொடர வேண்டும் என்பவர்கள்?

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. கண் தரையில். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீடு, சாப்பாடு எல்லாம் அந்தக் கைகளில்தான் இருக்கின்றன. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திருப்பிய பிறகுதான் கதிரை ஒன்று கிறீச்சிட்டது. அவர் கையை உயர்த்தியது மட்டுமில்லை, எழுந்தே நின்றுவிட்டார்! அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். அவ்வளவுதான்.

தோற்றோம். நன்றாகவே தோற்றோம்.

திறப்பை மேசையில் வைத்தேன். "சரி ஐயா, மண்டபம் உங்கடை. நாங்கள் போறம்," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனேன். அங்கே கிடாரம் தளதளவென்று கொதிக்கிறது. வாசலில் சனம். இதை என்ன செய்வது?

"எங்க இறக்க, தங்கச்சி?" என்று கேட்டார், அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த காசிம் நானா.

"என்ரை வீட்டு முற்றத்திலை."

அவர் ஓடிப்போய்த் தோணியிலிருந்து இரண்டு மரக்கம்புகள் கொண்டுவந்தார். கிடாரத்தின் வளையங்களில் கோத்தார். ஒரு முனையை அவர் தூக்கினார். ஒன்றைப் பூமணி. மூன்றாவதை, கையுயர்த்திய இரண்டு பேரில் ஒருவர். நாலாவது முனைக்கு என் வீட்டுக்காரர் வந்தார், கந்தோருக்குப் போடும் வெள்ளைக் கோட்டோடு.

முன்வாசலில் தலைவர் மறித்தார். "கிடாரம் சங்கத்துச் சொத்து!"

"இல்ல முதலாளி," என்றார் காசிம் நானா. "இது மூதூரில எங்கட கந்தூரிக்குச் சோறாக்கிற கிடாரம். முதல் கிழமயே தோணியில கொண்டுவந்தது நான்தான். கொஞ்சம் விலகுங்க, சுடும்."

தலைவர் விலகினார்.

ஊர் பார்த்தது அதைத்தான். பட்டப்பகலில், பெரிய வீதியில், ஆவி பறக்க ஒரு கிடாரம் போகிறது. பின்னால் தட்டேந்திய சனம் வரிசை குலையாமல் நடக்கிறது. வழியில் நின்ற கடற்படைக்காரர் இருவர், பிரேத ஊர்வலம் என்று நினைத்தார்களோ என்னவோ, தொப்பியைக் கழற்றி நின்றார்கள். பூமணி அவர்களைப் பார்த்து, "சாகேல்லை மகன், சாப்பிடப் போறம்!" என்று கத்தினாள். அவர்களுக்கு என்ன விளங்கியதோ, சிரித்தார்கள்.

அன்றைய கஞ்சி கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

திங்கட்கிழமை, பயந்தது நடந்தது. என் வீட்டுக்காரரின் கதிரையைப் பறித்துவிட்டு, வெய்யிலில் நின்று சாமான் இறக்குவிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். பின்னேரம் கறுத்துக் களைத்து வந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "கஞ்சி மிச்சம் இருக்கே?" என்று மட்டும் கேட்டார்.

மண்டபம் இப்போது பளபளக்கிறது. அங்கே கடற்படை அதிகாரிகளுக்கு உபசாரம் நடக்கிறது, கைதட்டல் கேட்கிறது. வடை மட்டும் கடையில் வாங்குகிறார்களாம். அவ்வளவு நன்றாக இல்லை என்று கேள்வி. அங்கத்தவராக இருப்பது வேறு, மனிதராக இருப்பது வேறு. இரண்டும் ஒன்றாக இருந்தால் சந்தோஷம். ஒன்றைத்தான் தெரிவு செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் — சொல்லட்டும். எங்கள் முற்றம் திறந்துதான் இருக்கிறது.

நேற்று ஒருவர் படலையில் நின்று கேட்டார், "உங்கடை சங்கத்துக்கு என்ன பேர், அம்மா?"

பேரா? பந்தி முடியட்டும்... யோசிக்கிறோம்.