ஊமை சாரும் சாத்தமுதும்

அறுபதுகளின் நடுவில் திருச்சியில் ஒரு பயிற்சிக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஆராய்ச்சி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். ஆசாரியிடம் சொல்லிச் செய்தது. உள்ளே காகிதச் சுருள். முன்பக்கத் திறப்பில் கேள்வி தெரியும். பிள்ளை விடையைத் தன் நோட்டில் எழுதிவிட்டுத் திருகைத் திருப்பினால் சரியான விடை வரும். ஒத்துப்பார்த்துச் சரியோ தப்போ தானே போட்டுக்கொள்ள வேண்டும். வாத்தியார் இல்லாமல் எந்திரம் பாடம் நடத்துமா என்று கண்டுபிடிக்கப் போகிறோமாம். அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் வாய் திறக்கக் கூடாது. ஒரு வார்த்தை பேசினாலும் அந்தப் பிள்ளையின் நோட்டு செல்லாது.

எனக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. பேச யார் இருந்தார்கள்? சொந்த ஊர் தொட்டியம். வாழைக்கு மண் அணைக்க வேண்டியவன் மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறானே என்று அப்பாவுக்குக் கோபம், கடிதம் போடுவதில்லை. சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை. ஒரு நாளில் நான் பேசுவது, கண்டக்டரிடம் "ஒரு ஸ்ரீரங்கம்", மெஸ்ஸில் "கொஞ்சம் ரசம்". ஞாயிற்றுக்கிழமையில் ஸ்ரீரங்கமும் கிடையாது, ரசம் மட்டும். தனியாக இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ள அப்போது வெட்கம்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். அவர்கள் பெட்டிக்கு வைத்த பெயர் 'ஊமை சார்'. இரண்டே நாளில் அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. நல்ல பொருத்தம்!

அவர்களில் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. வகுப்பில் என்ன கேட்டாலும் பதில் வராது. "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று டீச்சர் அதட்டுவார். பெட்டி அதட்டாது இல்லையா, அதன் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவள் பென்சில் பறக்கும்.

அன்று கரைசல் பாடம். 'புளியைத் தண்ணீரில் கரைத்து, மிளகு சீரகம் போட்டுக் கொதிக்கவைத்தால் கிடைப்பது என்ன?' என்று எழுதியிருந்தேன். அவள் 'சாத்தமுது' என்று எழுதித் திருகைத் திருப்பினாள். 'ரசம்' என்று வந்தது.

ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். பிறகு, யாரிடமும் பேசாதவள், என் பக்கம் திரும்பிக் கேட்டாள். "சார், எங்காத்துல இதைச் சாத்தமுதுன்னுதான் சொல்லுவா. ரெண்டும் ஒண்ணுதானே?"

நான் விரலை நீட்டிப் பெட்டியைக் காட்டினேன்.

அவள் நோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டாள். அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்துவிட்டது.

அதற்கப்புறம் அவள் நோட்டில் தப்பே கிடையாது. "பாத்தீங்களா, பிள்ளை பிடிச்சுக்கிச்சு!" என்று என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டிய பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். நானும் பூரித்துப்போனேன், மடையன். ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது: 'வடிகடுதல்'. சுருளில் விடை எழுதும்போது நான் ஒரு 'ட்' விட்டிருந்தேன். மற்ற பிள்ளைகள் ஒழுங்காக 'வடிகட்டுதல்' என்று எழுதியிருக்க, இவள் மட்டும் என் பிழையோடு எழுதியிருந்தாள். முதலில் திருகைத் திருப்பி, வந்ததைப் பார்த்து எழுதியிருக்கிறாள். தனக்குத் தெரிந்ததை எழுதுவதையே விட்டுவிட்டாள்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். "இப்ப போய்ப் பேசினா அந்த நோட்டு போச்சு. ஒண்ணு குறைஞ்சாலும் திரும்ப முதல்லேருந்துதான். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். சும்மா இருங்க தம்பி," என்றார். இன்னும் ஒரு வருஷம் அந்த அறையா? இரண்டு நாள் சும்மாத்தான் இருந்தேன்.

மூன்றாம் நாள் அவள் வந்து உட்கார்ந்து, கேள்வியைப் படிக்காமலே திருகில் கையை வைத்தாள். எனக்குத் தாங்கவில்லை.

"இரும்மா," என்றேன். "அன்னைக்கு நீ எழுதினது சரிதான். தப்பு என்னுது."

ஊமை பேசியதும் திடுக்கிட்டாள். "பெட்டி ரசம்னு காமிச்சுதே?"

"பெட்டிக்கு எழுதிக் கொடுத்ததே நான்தாம்மா. எனக்கு உன் வார்த்தை தெரியாது."

நோட்டைப் புரட்டி அந்தப் பெருக்கல் குறியை ரப்பரால் அழித்தாள். கிழிசல் அப்படியே இருந்தது. பிறகு கேட்டாள். "உங்களுக்கு யாரும் சாத்தமுது போட்டதே இல்லையா சார்?"

"இல்ல. மெஸ்ல ரசம்தான்."

"தனியாவா சாப்பிடறேள்?"

தலையாட்டினேன்.

"பாவம் சார் நீங்க," என்றாள்.

பட்டம் ஒரு வருஷம் தள்ளித்தான் வந்தது. அவளிடம் பேசிய அன்று ராத்திரி மெஸ்ஸில் இலை முன்னால் உட்கார்ந்து, "கொஞ்சம் சாத்தமுது" என்றேன்.

பரிமாறுகிறவர் வாளியோடு நின்றார். "என்னது சார்?"

"ரசம்," என்றேன்.