எண் ஏழின் தோல்

ரோஸ்விதா டீட்கெனைக் கொன்றது புற்றுநோய் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவளுக்குப் பக்கத்து மேசையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன் நான்.

ஜெர்மனியின் லூனெபுர்க் புதர்வெளிக்கு நடுவே இருக்கும் எங்கள் கூடத்தில் கார்பன், இரும்பு அயனிகளை வெறிவேகத்தில் ஓட்டி, உயிருள்ள செல்கள்மேல் பாய்ச்சுவோம். அடிபட்ட செல்களைத் தட்டில் விதைத்து, இரண்டு வாரம் கழித்து நீலச் சாயம் ஊற்றி எண்ணுவது ரோஸ்விதாவின் வேலை. ஒரு செல் ஐம்பதாகப் பெருகியிருந்தால் பிழைத்தது என்று கணக்கு. நாற்பத்தொன்பது என்றால் செத்தது. பேராசிரியர் ஓல்ரிக்ஸ் ஒருமுறை அவள் எண்ணிக்கையைச் சந்தேகப்பட்டார். "அப்ப நீங்களே எண்ணுங்க, என் கண்ணாடிய வேணா தர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் காபி குடிக்கப் போய்விட்டாள்.

ஆறு வருடத்துக்கு முன் ஆரோக்கியமான மனிதத் தோல் தேவைப்பட்டது. சட்டைக் கையை மடித்தவள் இவள்தான். "எனக்கென்ன கேடு, உருளைக்கிழங்கு தின்னு வளந்த உடம்பு" என்றாள். ஒப்புதல் படிவத்தில் 'முடிவுகள் எனக்குத் தெரிவிக்கப்பட வேண்டாம்' என்ற கட்டத்தில் படிக்காமலே டிக் அடித்தாள். வெட்டிய துண்டை ஐஸில் வைத்துத் தூக்கி வந்தவன் நான். அதிலிருந்து வளர்த்த செல்களுக்குப் பெயரை நீக்கி எண் ஏழு என்று எழுதினோம். அது யார் என்று எனக்கும் ஓல்ரிக்ஸுக்கும் மட்டுமே தெரியும். அன்றிலிருந்து எங்கள் கட்டுரைகளில் 'ஆரோக்கியமான மனிதர்' என்றால் எண் ஏழுதான்.

இங்கேதான் கோட்டைவிட்டோம். எக்ஸ் கதிர் டிஎன்ஏ இழையை அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுக்கும். நல்ல செல் சில மணி நேரத்தில் தைத்துக்கொள்ளும். கனமான அயனி அப்படியில்லை. போகிற வழியில் இரண்டு இழைகளையும் ஒரே இடத்தில் கந்தலாக்கிவிடும். தைக்கத் துணியே மிஞ்சாது. அதன்முன் தைக்கத் தெரிந்த செல்லும் சாகும், தெரியாத செல்லும் சாகும். நாங்கள் எண் ஏழை அயனியில் மட்டுமே வைத்துப் பார்த்தோம். எக்ஸ் கதிர் ஒப்பீட்டுக்கு வேறு செல்களின் பழைய அளவுகளையே திரும்பத் திரும்பப் போட்டோம். சோம்பேறித்தனம், வேறென்ன.

போன குளிர்காலத்தில் அவள் மார்பில் கட்டி வந்தது. முழுதாக எடுத்துவிட்டால் கதிர் வேண்டாம், கட்டியை மட்டும் எடுத்தால் இருபத்தெட்டு நாள் எக்ஸ் கதிர் என்றார் மருத்துவர். அவள் கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னாள். மார்ச் இருபதில் கதிர் தொடங்குவதாக முடிவானது.

அதே சமயம் எங்கள் கட்டுரை ஒன்றைப் பரிசீலித்தவர், எண் ஏழுக்கும் எக்ஸ் கதிர் கொடுத்துக் காட்டுங்கள் என்று திருப்பி அனுப்பினார். செய்தோம். மார்ச் பதினொன்றாம் தேதி ரோஸ்விதா எண்ண உட்கார்ந்தாள். எண்ணுகிறவருக்கு எது யாருடைய தட்டு என்று தெரியக் கூடாது. குறியீட்டுத் தாள் என் கையில் இருந்தது. ஒரு தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"யாரு பெத்த புள்ளையோ, ஹென்னிங். இத்துனூண்டு கதிருக்கே மொத்தமும் காலி. இந்த ஆள எக்ஸ்ரே பக்கம் விட்டுறாதீங்கப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். தாளைப் பார்த்தேன். எண் ஏழு.

ஓல்ரிக்ஸிடம் ஓடினேன். அவர் கதவைச் சாத்தினார்.

"தெரிவிக்க வேணாம்னு கையெழுத்துப் போட்டிருக்கா. தகவல் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல?"

"இருபதாம் தேதி கதிர் ஆரம்பிக்குது சார்."

"யாருக்கு? எண் ஏழுக்கா? ஏழுங்கிறது ஒரு எண்ணு, ஹென்னிங். உன் ஒப்பந்தம் மே மாசம் முடியுதில்ல? யோசிச்சு நடந்துக்கோ."

யோசித்தேன். அதைச் சொல்லவே நாக்கூசுகிறது. ஒரு துண்டுச் சீட்டு எழுதி அவள் பையில் போட்டிருக்கலாம். எழுதவில்லை. மே மாதம் ஒப்பந்தம் நீண்டது.

மூன்றாவது வாரத்திலேயே அவள் மார்பு வெந்து தோல் உரிந்தது. சிலருக்கு இப்படி ஆகும் என்றார்கள் மருத்துவமனையில். சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினார்கள். கோடை முடிவதற்குள் கதிர் பட்ட நுரையீரல் தோலாய் இறுகிப்போய், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபரில் ஓல்ரிக்ஸ் என்னை அவள் வீட்டுக்கு அனுப்பினார். எண் ஏழு இப்போது அபூர்வமான செல்; உறைய வைத்த குப்பிகள் தீர்ந்துகொண்டிருந்தன. இன்னொரு துண்டுத் தோல் வேண்டும். நானும் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். என்ன பிறவியோ நான்.

அவள் படிவத்தை இந்த முறை முழுக்கப் படித்தாள்.

"ஆரோக்கியமான தோலுக்கு என்கிட்ட எதுக்கு வந்த?" ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள். "வேற ஆளா கெடைக்கல?"

நான் தரையைப் பார்த்தேன். அவள் முட்டாள் அல்ல.

"அந்தத் தட்டு என்னோடதா?"

"ஆமா."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நீ எண்ணின அன்னிக்கே."

அவள் உதடு அசைந்தது. வழக்கம்போல எண்ணிக்கொண்டிருந்தாள்.

"கதிர் ஆரம்பிக்க ஒம்பது நாள் இருந்துச்சு" என்றாள். "ஒம்பது நாளும் என் எதுர்ல உக்காந்து சாப்பிட்ட."

ஆமாம் என்றேன்.