பாலத்தில் குந்தியிருந்த மொட்டையன்

ஜப்பானில் ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போயிருந்த மகள், நாலாம் மாதம் மின்னஞ்சலில் மூன்று படங்கள் அனுப்பினாள். நாங்கள் குடியேறியிருந்த சென்ட் லோரன்டில் நான் வேலை செய்த களஞ்சியத்தில், மேற்பார்வையாளர் வருவதற்குள் அவற்றை அவசரமாகக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒரு ஆற்றுப் பாலம். மகள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். மூன்றிலும் அவளுக்குப் பக்கத்தில், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒருத்தன் குந்தியிருந்தான்.

கட்டையன். உச்சி மொட்டை. முதுகில் பை, கையில் போத்தில், காலில் சப்பாத்து இல்லை. மாற்றுடுப்புக்கும் வழியில்லாதவன் என்று முடிவுகட்டினேன். எங்கள் ஊர் மன்னார்ப் பெடியன் என்றால் ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலிலேயே அவனுடைய பாட்டன்வரை விசாரித்திருப்பேன். இவனை எங்கே போய் விசாரிப்பது?

மனைவியிடம் காட்டினேன்.

"உங்களைவிட வடிவாத்தான் இருக்கிறான்," என்றாள்.

இரண்டு நாள் பூதக்கண்ணாடியும் கையுமாக இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், இறங்கியது. சனிக்கிழமை காலை ஒரு தொலைபேசி அட்டை வாங்கி அவளைக் கூப்பிட்டேன். சுற்றிவளைத்துக் கேட்பதாகத்தான் திட்டம். வாய் முந்திவிட்டது.

"ஆர் பிள்ளை அந்த மொட்டையன்? குடிக்கிறவனோ?"

 மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அது வெண்கலச் சிலையாம். கப்பா என்று, குளிக்க இறங்குபவர்களை இழுத்துக்கொண்டு போகும் ஆற்றுப் பூதமாம். அந்த ஊர்க் கதைகளில் வருவதால் பாலத்தில் தூணுக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்களாம். உச்சியில் தண்ணீர்க் குழி, முதுகில் ஆமை ஓடு, கையில் வெள்ளரிக்காய்.

சிரிப்பு நின்றதும் குரல் மாறியது. "அப்பா, இனியும் இப்பிடி விசாரிச்சா நான் ஒண்டும் அனுப்பமாட்டன். கதைக்கவும் மாட்டன்."

ஓம் ஓம் என்று வைத்துவிட்டேன். பூதம் மருமகனாக வராத நிம்மதி.

மனைவி அச்சுத்தாளை எடுத்துப் பார்த்தாள். "சிலை சரி. இவள் ஆரைப் பாத்து இப்பிடிச் சிரிக்கிறாள்? படம் எடுத்தது ஆர்?"

பறித்துப் பார்த்தேன். மூன்றிலும் பாலத்துத் தரையில் ஒரு நிழல், கமராப் பக்கமிருந்து மகளின் காலடிவரை நீண்டு கிடந்தது. தலை நிறைய முடி.

அட்டையில் இன்னும் இருபது நிமிடம் மிச்சமிருந்தது. தொலைபேசிக்குப் போன கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவளுக்கு எழுதினேன்: பாலம் நல்ல வடிவு, இன்னும் படங்கள் அனுப்பு, வெயில் சாயும் நேரத்தில் எடுத்தால் திறம்.