படகின் மூக்கும் அம்மனின் திருவாசியும்

மஸ்கெலியா பஸ் நிலையத்திலிருந்து கீழே இறங்கிப் போனால், கதவு நெளிந்த வேன்களும் முகம் உடைந்த ஆட்டோக்களும் வரிசையாக நிற்கும். அதுதான் வீரய்யாவின் பட்டறை. அவர் தட்டி நிமிர்த்திய வண்டியைப் பார்த்து, "இதுவா அடிபட்ட வண்டி?" என்று யாராவது வாயைப் பிளந்தால், அன்றைக்கு அவருக்குச் சாப்பாடே வேண்டாம். யாரும் பிளக்காவிட்டால் அவரே கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டிப் பிளக்க வைப்பார். பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர். கோபமும் அப்படித்தான். மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும், கூப்பிட வேண்டியதே இல்லை.

தொழில் பெருமைக்கு அடுத்தபடியாக அவருக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அவர் பிறந்த கல்லுமலைத் தோட்டத்தில் ஒவ்வொரு மாரியம்மன் திருவிழாவிலும் முதல் பரிவட்டம் அவர் தலையில்தான் கட்டுவார்கள். காரணம் அவருடைய அப்பா. தேயிலை பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தவர். அம்மன் சிலைக்குப் பின்னால் வளைவாக நிற்கிறதே திருவாசி, அதை வெள்ளியில் செய்து கொடுத்தவர் அவர்தான் என்று தோட்டமே சொல்லும். அப்பா போன பிறகு மரியாதை மகனுக்கு வந்தது. திருவிழா நெருங்கினால் வீரய்யா கண்ணாடி முன்னால் துண்டைத் தலையில் சுற்றிப் பார்ப்பார்.

"தலையில கட்டுறதுக்கு முன்னாடியே தலைக்குள்ள ஏறிப்போச்சு," என்பாள் மனைவி சண்முகவடிவு. அவளுக்குப் பயம் என்பதே கிடையாது.

இப்படி இருந்த மனிதரிடம்தான் கொழும்பிலிருந்து வந்த நிரோஷன் என்ற இளைஞன் ஒரு லொறியில் படகின் எலும்புக்கூட்டை ஏற்றிக்கொண்டு வந்து நின்றான்.

ஐம்பது வருஷத்துக்கு முந்திய படகு அது. கல்லுமலைத் தோட்டத்துக் கடைசி வெள்ளைக்காரத் துரை ஆசைப்பட்டுக் கட்டியது. நீல நிறம், அலுமினியத் தோல். நீர்த்தேக்கத்தில் அதை ஓட்டி, இந்தத் தீவிலேயே இதைவிட வேகமாகத் தண்ணீரில் போனவன் இல்லை என்று பெயர் வாங்கினார். வாங்கிய பெயரோடு சும்மா இருந்திருக்கலாம். இன்னும் வேகம் பார்க்கிறேன் என்று அடுத்த வாரமே இறங்கி, மூழ்கிக் கிடந்த ஒரு மரக்கட்டையில் மோதிக் குட்டிக்கரணம் போட்டார். துரைக்குத் தோள்பட்டை எலும்பு போனது. அவர் கப்பலேறினார். படகு கரையில் கிடந்தது. நல்ல அலுமினியத் தகடு கரையில் சும்மா கிடந்தால் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற தோட்டத்துச் சனம் சும்மா இருக்குமா? ஆளுக்கொரு துண்டாகக் கொண்டுபோய்விட்டார்கள். எலும்புக்கூடு மட்டும் பேக்டரி ஸ்டோரில் தூங்கியது. இப்போது துரையின் பேத்தி அதைத் திரும்ப ஓட விட்டுப் பார்க்க ஆசைப்பட்டாள். படகு கட்டும் படிப்புப் படித்த நிரோஷனை அனுப்பினாள்.

"வீரய்யா அண்ணே, ஒரே ஒரு நிபந்தனை," என்றான் நிரோஷன். "பழைய தகடு கிடைக்கிற இடத்துல புதுத் தகடு போடக் கூடாது. புதுசா செய்யிறதுன்னா அது வேற படகு. நமக்கு இந்தப் போட்டுதான் வேணும்."

வீரய்யாவுக்கு அந்தப் பேச்சு அப்படியே பிடித்துப்போனது. நெளிந்ததைக் கழற்றி வீசிவிட்டுப் புதுசு மாட்டுகிற பட்டறைக்காரர்களை அவர் மனிதராகவே மதிப்பதில்லை. "தகடு உசுரோட இருந்தா போதும் தம்பி, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்," என்றார்.

அடுத்து தோட்டத்தில் ஓர் அறிவிப்பு. படகுத் தகடு கொண்டுவருகிறவர்களுக்குப் பதிலுக்குப் புதுக் கூரைத் தகரம். அவ்வளவுதான், மறுநாள் பட்டறை வாசலில் திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் கையில் இருந்தது படகே இல்லை. ஒருவர் பழைய பஸ்ஸின் மட்கார்டைக் கொண்டுவந்து, இது படகின் வால் என்று சத்தியம் செய்தார். இன்னொரு அம்மா சோற்றுப்பானை மூடியை நீட்டினாள்.

"இதுவும் போட்டாம்மா?" என்று கேட்டார் வீரய்யா.

"வட்டமா இருக்கேன்னு பாக்குறீங்களா? போட்டுல ஜன்னல் இருக்காதா என்ன?" என்றாள் அவள் கொஞ்சமும் அசராமல்.

உண்மையான தகட்டில் நெருக்கமாக ரிவெட்டுத் துளைகள் இருக்கும், சுரண்டினால் கரிக்கு அடியில் நீலம் தெரியும். அதை வைத்து வீரய்யா பிரித்தார். ஆட்டுப்பட்டிக் கதவு வந்தது. தண்ணீர் விழுகிற பீலித் தகடு வந்தது. பிள்ளைகளின் புத்தகப் பலகை வந்தது. நடு லயத்துத் தனுஜா மட்டும் அடுப்புக்கு மேலே இருந்த தகட்டைத் தர மறுத்தாள்.

"இத எடுத்தா மழை நேரா கொழம்புல விழும். நீங்க வந்து பிடிச்சிக்கிட்டு நிப்பீங்களா அண்ணே?"

அண்ணன் அன்றே ஏணியோடு வந்து, புதுத் தகரத்தை அடித்து, மழை பெய்கிற வரை காத்திருந்து, ஒழுகவில்லை என்று காட்டிவிட்டுத்தான் பழையதைக் கழற்றிக்கொண்டு போனார். குழம்பும் அங்கேயே சாப்பிட்டார்.

பிறகு மாதக்கணக்கில் பட்டறையில் மரச் சுத்தியல் சத்தம்தான். மணல் மூட்டை மேல் தகட்டை வைத்து, சூடு காட்டி, குழந்தைக்கு முதுகு தட்டுவது போலத் தட்டித் தட்டி அதன் பழைய வளைவைக் கேட்டு வாங்கினார். துளைக்குத் துளை சேர்ந்தது. ஆட்டுப்பட்டிக் கதவு வயிற்றுப் பக்கமாகவும், தனுஜாவின் அடுப்புத் தகடு வலது விலாவாகவும் போய் உட்கார்ந்தன. நிரோஷன் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே வீரய்யா இன்னும் இரண்டு வருஷம் தட்டியிருப்பார்.

மூக்கு மட்டும் கிடைக்கவில்லை. முன்னால் அகன்று, மேலே வளைந்து எழும்பும் அந்த ஒற்றைப் பெரிய தகட்டை யார் வீட்டிலும் காணோம். நிரோஷனிடம் இருந்த ஒரு பழைய புகைப்படத்தில் அது அழகாகத் தெரிந்தது. வீரய்யா அந்த வளைவை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். அதுதான் வினையாகப் போனது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசையில் கற்பூரம் ஏறியபோது, அம்மனுக்குப் பின்னால் அதே வளைவு மினுங்கியது. வீரய்யா கும்பிட்ட கையை இறக்க மறந்தார். உளியால் சுடர் சுடராகப் புள்ளி பொடித்து அலங்காரம் செய்திருந்தாலும், ஓரத்தில் வரிசையாக அடைத்த துளைகள் தெரிந்தன. இத்தனை வருஷம் அதன் முன்னால் தலை நிமிர்ந்து நின்றவர், அன்றைக்குத்தான் ஒரு தட்டுப் பட்டறைக்காரனாக அதைப் பார்த்தார். வெள்ளியும் இல்லை, ஒன்றும் இல்லை. படகின் மூக்கு.

வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பா ஊரை ஏமாற்றியவர் ஆகிவிடுவார், பரிவட்டம் போய்விடும், கண்ணாடி முன்னால் சுற்றிய துண்டு முகம் துடைக்கத்தான் ஆகும். சொல்லாவிட்டாலோ, வாழ்நாளில் செய்த வேலையிலேயே பெரிய வேலை மூக்கில்லாமல் நிற்கும். இரண்டு பெருமையும் ஒரே மனிதருக்குள் மல்லுக்கு நின்றன. வீரய்யா பரிவட்டத்தின் பக்கம் சாய்ந்து, "மூக்கு தண்ணிக்கடியில போயிருக்கும் தம்பி," என்று சொல்லிவிட்டார்.

ஆனால் நிரோஷனுக்கும் கண் இருந்தது. அடுத்த வாரம் அவனும் கோயிலுக்கு வந்தான். கற்பூரம் ஏறியது. அவன் போனில் இருந்த புகைப்படத்தையும் திருவாசியையும் மாறி மாறிப் பார்த்தான். பூசை முடிந்ததும் கோயில் தலைவர் நாகரத்தினத்திடம் பணிவாகக் கேட்டான். நாகரத்தினம் மஸ்கெலியா கடைவீதியில் புடைவைக்கடை வைத்திருப்பவர், எதையும் நிதானமாக அளந்து பேசுகிறவர்.

"வெள்ளித் திருவாசியப் போயி போட்டோட மூக்குங்கிறீங்களே தம்பி," என்றார் அவர். "வீரய்யா, நீங்க என்னா சொல்றீங்க?"

கூட்டம் மொத்தமும் வீரய்யாவைப் பார்த்தது. அவர் தொண்டையைச் செருமினார். "அது எதுவா இருந்தாலும் ஆத்தா பொருளு. நம்ம குடுக்கிறதும் எடுக்கிறதும் சரியில்ல. பூக்கட்டிப் பாத்திருவோம். வெள்ளப் பூ வந்தா குடுப்போம், செவப்பு வந்தா அது இங்கயே இருக்கட்டும்."

எல்லாருக்கும் நல்ல வழியாகப் பட்டது. வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பை ஒன்றிலும் கட்டி, அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது எப்போதும் உள்ள வழக்கம். முதல் மரியாதைக்காரர் என்பதால் பொட்டலம் கட்டுகிற உரிமையும் வீரய்யாவுக்கே வந்தது. அவர் தூணுக்குப் பின்னால் போய்க் கட்டினார். இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்தார்.

நாகரத்தினத்தின் பேத்தி கேஷிகா ஒன்றை எடுத்தாள். பூசாரி சின்னராசா பிரித்தார். சிவப்பு. கூட்டம் 'தாயே' என்றது. வீரய்யா மூச்சு விட்டார்.

நிரோஷன் முகம் வாடினாலும் மரியாதையாகத் தலையாட்டினான். "அம்மன் சொன்னா சரிதான் அண்ணே. கொழும்புல இருந்து ஒரு புதுத் தகடு எடுத்து மூக்குச் செஞ்சிருவோம்."

"என்னாது?" என்றார் வீரய்யா.

"புதுத் தகடுண்ணே. வேற வழியில்லயே. பெயிண்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது."

"புதுத் தகடா? என் போட்டுக்கா? ஆட்டுப்பட்டிக் கதவுலயிருந்து அடுப்புத் தகரம் வரைக்கும் பொறுக்கிப் பொறுக்கி உசுரு குடுத்து வச்சிருக்கேன், அதோட மூஞ்சியில புதுத் தகடா? பெயிண்ட் அடிச்சு மறைப்பீங்களா?" கோபம் வந்தால் வீரய்யாவுக்கு முன்யோசனை பின்யோசனை கிடையாது. "மத்தப் பொட்டலத்தப் பிரிங்க மாமா! பிரிச்சுப் பாருங்க! அதுலயும் செவப்புதான் இருக்கு!"

சின்னராசா பிரித்தார். இருந்தது.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது வீரய்யாவுக்கு உறைத்தது. சண்முகவடிவு நெற்றியில் அடித்துக்கொண்டாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அம்மனைப் பார்த்தபடி சொன்னார்: "அது போட்டு மூக்குதான். வெள்ளி இல்ல. எங்கப்பா ஊர ஏமாத்திட்டாரு. அது தெரிஞ்சும் நான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. சின்னராசா காதைக் குடைந்தார்.

"வெள்ளின்னா கறுக்கும்டா மாப்ள. நாப்பது வருஷமா புளி போட்டுத் தேய்க்கிறேன், ஒரு நாளாவது கறுத்திருக்கா? ஒத்தக் கையில தூக்குறேன். எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா?"

"எங்க காலத்து ஆளுங்க எல்லாருக்கும் தெரியும். பக்கத்துத் தோட்டத்துக் கோயிலுக்கு வெள்ளித் திருவாசி வந்திச்சு. நம்ம ஆத்தா பின்னாடி வெறுஞ்சொவரு. அவனுங்க சிரிச்சானுங்க. ஒங்கப்பன் அந்தத் தகட்ட நிமித்தி, சுடர் பொடிச்சு, கொண்டாந்து வச்சான். 'அலுமினியந்தான், என்னால முடிஞ்சது'ன்னு சொன்னான். வெள்ளின்னு சொன்னது நாங்கடா. அவனுங்களுக்காகச் சொன்னோம். பெறகு சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சு. ஒங்கப்பன் ஒரு நாளும் வெள்ளின்னு வாயத் தொறந்து சொல்லல. நல்லா யோசிச்சுப் பாரு."

வீரய்யா யோசித்துப் பார்த்தார். திருவாசிப் பேச்சு வந்தால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அடக்கம் என்று நினைத்திருந்தார். அவர் துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சண்முகவடிவு பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

நாகரத்தினம் நிதானமாக அளந்தார். "ஒங்கப்பா மேல ஒரு குத்தமும் இல்ல வீரய்யா. ஆனா பூவுல பித்தலாட்டம் பண்ணினவருக்கு நான் எப்படிப் பரிவட்டம் கட்டுறது?" அப்பாவால் வந்த மரியாதை, கடைசியில் மகனின் ஒரு சிவப்பு அரளியால் போனது. மறுபடி பூக்கட்டிப் பார்த்தார்கள். இந்த முறை சின்னராசா கட்டினார். வெள்ளை வந்தது. அவர் எப்படிக் கட்டினார் என்று யாரும் கேட்கவில்லை.

மூக்கை வீரய்யா படகின் வளைவுக்குத் திருப்பினார். ஆனால் அப்பா பொடித்த சுடர்ப் புள்ளிகளைத் தட்டிச் சமமாக்கக் கை வரவில்லை. நிரோஷன் விரலால் தடவிப் பார்த்து, "இதுவும் பழசுதானண்ணே, இருக்கட்டும்," என்றான். அவர் வாழ்நாளில் நிமிர்த்தாமல் விட்ட நெளிவு அது ஒன்றுதான். படகை இறக்கிய அன்று, சக்கரத்துக்கு அடியில் வைக்கிற எலுமிச்சம்பழத்தைச் சக்கரமே இல்லாத வண்டிக்கு எங்கே வைப்பது என்று கரையில் பெரிய விவாதம் நடந்தது. அது முடிவதற்குள் படகு கிளம்பி நடுத்தண்ணீருக்குப் போய்விட்டது. நீலமாக, மூக்கைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துப் போனது. "என் அடுப்புத் தகரம் போகுது பாரு!" என்று தனுஜா கத்தினாள்.

அந்த வருஷத் திருவிழாவில் பரிவட்டம் வேறொருவர் தலையில் ஏறியது. அம்மனுக்குப் பின்னால் வீரய்யா அடித்துக் கொடுத்த புதுத் திருவாசி நின்றது. சுடர் சுடராக, கண்ணைப் பறிக்கிற வேலை. வெறுந்தலையோடு கூட்டத்தின் பின்வரிசையில் நின்று அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் கையைக் கூப்பியபடி, "புதுசாக்கும்? வெள்ளியா?" என்று கேட்டார்.

"வெள்ளிதான்! சுத்த வெள்ளி!" என்றார்கள் முன்னால் நின்ற பத்துப் பேர், பழக்க தோஷத்தில்.

"அலுமினியம்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மேளத்தையும் மீறிக் கிளம்பியது. சண்முகவடிவு அவர் வாயைப் பொத்தக் கையைக் கொண்டுபோனாள், பிறகு அவளே இறக்கிக்கொண்டாள்.

"அலுமினியம்! பிட்டர் மகன் அடிச்சது!"